எதிர்காற்றுக் கேள்வி

தொம்மலூர்,
பெங்களூர்.
2-5-94

வருங்கால கேப்டன் அவர்களுக்கு,

உஷா எழுதுவது. இங்கே நான் சுகம். வீடு சுகம். மொட்டை மாடியில் நீங்கள் நட்டுவைத்துவிட்டு மறந்துபோன கறிவேப்பிலைச் செடியும் சுகம். உங்கள் சுகத்தை மாதுங்கா மாமா வீட்டிலிருந்து எதிர்பார்க்கிறேன். பைலட் இன்டர்வியூவுக்கு முன்னால் நீங்கள் தூங்கியிருக்க மாட்டீர்கள், முடிந்த பிறகும் தூங்கியிருக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஒற்றை அறையில் நீங்கள் புரளுகிற புரளலில் மாமாவின் தூக்கமும் கெட்டிருக்கும். இரண்டாவது சுற்றுக்குக் கூப்பிடும்வரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள் என்றால் அது நல்ல சகுனம்தானே. கொஞ்சம் கண்ணை மூடிப் படுங்கள்.

சனிக்கிழமை உங்கள் போன் வந்தபோது மழைக்கு முந்திக் காயப்போட்ட துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரத் தனக்கோடி அம்மா கீழேயிருந்து “பேகா, சீக்கிரம் வாம்மா, பம்பாய் லைனு, உங்க ஊட்டுக்காரரு!” என்று போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. நான் ஓடி வந்து ரிசீவரைப் பிடித்ததும் அந்த அம்மா பூண்டு உரிக்கிற சாக்கில் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அதனால்தான் நீங்கள் பேசியதற்கெல்லாம் “சரி, சரி” என்றேன். அது சம்மதம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். மூன்று பேர் உட்கார்ந்து முழுக்க முழுக்க வானிலையையே கேட்டார்கள் என்றீர்களே, எனக்குப் பெருமையாக இருந்தது. இத்தனை மாதமாக அடுப்படி வாசலில் நின்று உங்களுக்கும், உங்களோடு பறக்கக் கற்ற கிளிஃபர்ட் அண்ணனுக்கும் கேள்வி வாசித்தவள் நான்தானே. குளிர்காலக் காலையில் பெங்களூரில் ஏன் மூடுபனி இறங்குகிறது என்று கேட்டார்களாம். மேகமில்லாத இரவு, ஈரம், லேசான காற்று என்று நீங்கள் மடமடவென்று சொன்னீர்களாம். இடிமேகத்தின் மூன்று பருவங்கள், எது ஆபத்தானது என்றார்களாம். தரையில் மழை விழத் தொடங்கும் பருவம்தான் என்றீர்களாம். இதெல்லாம் எனக்கே தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும்.

அந்தக் கடைசிக் கேள்விதான் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. பக்கத்தில் இடிமழை, நீங்கள் இறங்கிக்கொண்டிருக்கிறீர்கள், திடீரென்று எதிர்காற்று கூடி வேகமுள் தானாகவே ஏறுகிறது, என்ன செய்வாய் என்று அந்த நரைமீசை கேப்டன் கேட்டார் என்றீர்கள். நீங்கள் பவரைக் குறைப்பேன் என்று ஆரம்பித்துவிட்டீர்கள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்ததும் உங்களுக்கு உறைத்தது. இல்லை சார், குறைக்க மாட்டேன், இறங்கவே மாட்டேன், முழு பவர் கொடுத்து மேலே ஏறிவிடுவேன் என்று திருத்திக்கொண்டீர்கள். “பொழச்சேன் உஷா” என்றீர்கள்.

அதற்கு அடுத்த மூச்சில்தான் நீங்கள் அதைச் சொன்னீர்கள். கிளிஃபர்ட் வந்து கேட்டால் வானிலையெல்லாம் பெரிதாகக் கேட்கவில்லை, இன்ஜினும் சட்டதிட்டமும்தான் கேட்டார்கள் என்று சொல்லிவிடு என்றீர்கள். ஜக்கூரில் பறக்கக் கற்றவர்களில் ஒருவரைத்தான் எடுக்கப்போகிறார்கள் என்று வராந்தாவில் யாரோ பேசிக்கொண்டார்கள் என்றீர்கள். நான் சரி என்றேன். தனக்கோடி அம்மா பூண்டைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

நம் வீட்டு வழக்கத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதினால்தான் எனக்கே தெளிவாகிறது. எந்தக் கம்பெனி கூப்பிட்டாலும் முதலில் போகிறவர் என்ன கேட்டார்கள் என்பதை அடுத்துப் போகிறவருக்கு ஒன்றுவிடாமல் சொல்ல வேண்டும். இந்த ஏற்பாட்டைச் செய்ததே நீங்கள்தான். போன வருஷம் அந்த டெல்லி கம்பெனிக்குக் கிளிஃபர்ட் அண்ணன் முதலில் போனார். அவருக்குக் கிடைக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கி லிங்கராஜபுரத்தில் இருக்கிற தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பெட்டியோடு நேராக இங்கே வந்து நின்றார். முகம் கறுத்துக் கிடந்தது. “முதல்ல எழுதிக்கோ மச்சான், அப்புறமா அழறேன்” என்று சொல்லித்தான் உட்கார்ந்தார். நீங்களும் அவர் சொன்னதை வைத்துத்தான் எழுத்துத் தேர்வில் தேறினீர்கள். அந்தக் கம்பெனி ஆள் எடுப்பதையே நிறுத்திவிட்டது நம் தலையெழுத்து. அது அவர் தப்பில்லை.

இங்கே என் கம்பெனியில் ஸ்டாக் எடுக்கிற வாரம். பொம்மசந்திராவிலிருந்து பஸ் திரும்பும்போதே இருட்டிவிடுகிறது. திருப்பத்தூரிலிருந்து அத்தை கார்டு போட்டிருக்கிறார்கள். பையனுக்கு வேலை கிடைத்தால் ஏலகிரி முருகனுக்குக் காவடி என்று வேண்டிக்கொண்டார்களாம். காவடி நீங்கள் எடுக்க வேண்டுமா, நான் எடுக்க வேண்டுமா என்று எழுதவில்லை.

அண்ணன் இன்னும் வரவில்லை. வருவார். அதற்குள் ஒருமுறை யோசித்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள். போனில் சொன்னது பதற்றத்தில் சொன்னது, உள்ளதைச் சொல்லிவிடு உஷா என்று எழுதினால் நான் நிம்மதியாக ஸ்டாக் எண்ணுவேன்.

நல்ல சேதி உங்களைத் தேடி வரட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உஷா


தொம்மலூர்,
7-5-94

அன்புள்ள அவருக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. கடிதம் என்று சொல்லலாமா என்று தெரியவில்லை, தந்திக்கே இதைவிட அதிகம் எழுதுவார்கள். இது போட்டி, விளையாட்டில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நீ பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருந்தால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். மருந்து விற்கிற பையைத் தூக்கிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் காத்துக் கிடப்பது யார், நீயா கிளிஃபர்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் கடிதத்தை மடித்துவிட்டேன். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. பைலட் லைசென்ஸை பீரோவில் பூட்டிவைத்துவிட்டு டை கட்டிக்கொண்டு நீங்கள் கிளம்பும் ஒவ்வொரு காலையும் நான் பார்த்ததுதான்.

ஆனால் சும்மா இருந்தால் போதும் என்பது உங்களுக்குச் சுலபம். வாசலில் வந்து நின்று கேட்கிற ஆளிடம் சும்மா இருப்பது எப்படி? உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாள், வியாழக்கிழமை, அண்ணன் வந்தார். அவர் மனைவி நிக்கோலும் கூட வந்தாள். அவள் அம்மா போட்ட மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள், உங்களுக்குப் பிடிக்கும் என்று. அண்ணன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “என்னம்மா, என்ன சொன்னான் நம்ம ஹீரோ?” என்றார். நான் நீங்கள் சொன்னதையே சொன்னேன். வானிலை பெரிதாக இல்லையாம், இன்ஜினும் சட்டதிட்டமும்தானாம் என்றேன். அதைச் சொல்லும்போது ஸ்டவ்வைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கப் போகிறது என்று பாவனை. அடுப்பில் பாலே இல்லை.

அவர் அப்படியே சோபாவில் சாய்ந்துவிட்டார். “தேங்க் காட். எனக்கு இந்த விண்ட் மேட்டர்தான் எப்பவும் உதைக்கும் உஷா. கடவுள் இருக்காரு” என்றார். நிக்கோல் சிலுவை போட்டுக்கொண்டாள். போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இரண்டு பேர் பெயரையும் சொல்லிப் பூசை கேட்டாளாம். உங்கள் பெயரை முதலில் கொடுத்தாளாம், நீங்கள் முதலில் போனீர்கள் என்பதால்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் இதே கேள்வியைத்தான் வாசித்தேன், ஞாபகம் இருக்கிறதா? வேகம் கூடினால் என்ன செய்வாய் என்று. அண்ணன் சிரித்துக்கொண்டே “பவரைக் கொறைப்பேன், வேற என்ன?” என்றார். நீங்கள் ஒரு நிமிஷம் அவரைப் பார்த்துவிட்டு, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அடுத்த கேள்வி வாசி என்றீர்கள். அந்த அப்புறம் வரவே இல்லை. உங்களுக்கே அது தெளிவாக இல்லையோ என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். இப்போது வேறு மாதிரியெல்லாம் நினைக்கத் தோன்றுகிறது. அப்படி நினைப்பது எனக்கே பிடிக்கவில்லை.

செப்டம்பரில் அண்ணனுக்கு முப்பது முடிகிறது. இந்தக் கம்பெனியின் வயசு வரம்பு அதுதான் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். இது போனால் அவர் அப்பாவோடு சேர்ந்து சிவாஜி நகர் பேட்டரிக் கடையில் உட்கார வேண்டியதுதான். அது ஒன்றும் கேவலமில்லை. ஆனால் அவர் அதற்காகப் பறக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இவ்வளவு எழுதினாலும் நான் உங்கள் கட்சியில்தான் இருக்கிறேன். ஒரே இடம் என்றால் அது உங்களுக்குத்தான் கிடைக்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் சுவாமி விளக்கேற்றும்போது சொல்கிறேன். இப்படிச் சொல்லி முடித்ததும் நிக்கோல் என் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கிறது. விளக்கைப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் வரும் வியாழக்கிழமை ராத்திரி உத்யான் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறார். சனிக்கிழமை காலை அவருக்கு இன்டர்வியூ. இன்னும் நாள் இருக்கிறது. நீங்களே அவருக்கு ஒரு போன் செய்யுங்கள். அவர் வீட்டில் போன் உண்டு, தனக்கோடி அம்மாவும் அங்கே கிடையாது. நீங்களாகச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும்.

உங்கள் போனுக்காக அவர் வீட்டு மணி அடிக்க வேண்டும் என்று ஆசைப்படும்,
உஷா


தொம்மலூர்,
12-5-94

அன்புள்ள ஹரிஷுக்கு,

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுத்தவர் இப்போது உங்கள் எதிரிலேயே நின்றுகொண்டிருப்பார். அதனால் முகத்தை மாற்றாமல் படியுங்கள். பேர் சொல்லி எழுதுகிறேனே என்று பார்க்காதீர்கள். இன்றைக்கு உங்களை வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

நீங்கள் அவருக்குப் போன் செய்யவில்லை. என் போன கடிதம் திங்கட்கிழமை கிடைத்திருக்கும், செவ்வாய் சாயங்காலம் வரை காத்திருந்தேன். சொல்லிவிட்டேன், ஹரிஷ். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எப்படி, ஏன் என்று எழுதுகிறேன். கடைசி வரியை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும், அதனால் நடுவில் கோபம் வந்து கிழித்துப் போட்டுவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இங்கே மழை. சாதாரண மழை இல்லை. தொம்மலூர் முழுக்க மரக்கிளை முறிந்து விழுந்தது, கரண்ட் போயிற்று. நானும் தனக்கோடி அம்மாவும் மாடிப்படிக்கட்டுக் கூரைக்கடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். நம் வீட்டுக்கு மேலாக இறங்குகிற விமானம்தான் உங்களுக்குத் தெரியுமே, அந்த அம்மா பெயரே வைத்திருக்கிறார், அஞ்சரை மணி பிளேன் என்று. அது அந்த மழைக்குள்ளேயே வந்தது. சக்கரத்தை இறக்கியாயிற்று, இறக்கையில் விளக்கு எரிகிறது, தென்னை மரத்துக்குக் கொஞ்சம் மேலேதான். வந்துகொண்டே இருந்தது, திடீரென்று காது கிழிகிற மாதிரி சத்தம் போட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறிற்று. ஏறுகிறதா இல்லையா என்று சில நொடிகள் எனக்குத் தெரியவில்லை. அது தள்ளாடியதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு மேகத்துக்குள் போய்விட்டது. “ஏன்மா எறங்கல? கேட்டு பூட்டியிருந்துச்சா?” என்று அந்த அம்மா கேட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

எவ்வளவோ நாள் கேள்வியாக வாசித்தது, அன்றைக்குத்தான் அதற்குள்ளே ஆட்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்த விமானத்தில் பவரைக் குறைக்கிறவர் ஒருவர் உட்கார்ந்திருந்தால் அது நம் தெருவில்தான் விழுந்திருக்கும். இதுவரை நான் கிளிஃபர்ட் அண்ணன் தேறாமல் போய்விடுவாரே என்றுதான் வருத்தப்பட்டேன். அன்றைக்கு வேறு பயம் வந்துவிட்டது. தேறிவிட்டால்? சனிக்கிழமை அந்த நரைமீசைக்காரர் வேறு ஏதாவது கேட்டு, அண்ணன் அதைச் சரியாகச் சொல்லித் தேறி, இந்தத் தப்பை மனசிலேயே வைத்துக்கொண்டு போய் விமானத்தில் உட்கார்ந்தால்? நமக்குத் தெரியும், ஹரிஷ். உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். தெரிந்தவர்கள் இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றும் தோன்றியது. அதையும் எழுதிவிடுகிறேன். கோ-பைலட்டின் வேலை என்ன என்று நான் வாசித்த கேள்விக்கு நீங்கள் அழகாகப் பதில் சொல்வீர்கள். தான் பார்த்த ஆபத்தைப் பக்கத்தில் இருப்பவருக்குச் சொல்வது, அவர் கேட்காவிட்டாலும் சொல்வது என்பீர்கள். அதைக் கேட்டுத்தான் உங்கள் வேலைமேல் எனக்கு மரியாதை வந்தது. நீங்கள் பார்த்தீர்கள், சொல்ல வேண்டாம் என்றீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம். இத்தனை வருஷத்தில் இந்த மாதிரிக் கோபம் வந்ததில்லை. இதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தால் அழுதிருப்பேன், எழுதுவதால் அழாமல் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வராமல் லிங்கராஜபுரம் போனேன். அண்ணன் சாப்பாட்டு மேஜை முழுக்க இன்ஜின் படத்தைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொன்ன பொய்யைத்தான் படித்துக்கொண்டிருந்தார். நிக்கோல் காபி போட எழுந்தாள், நான் வேண்டாம் என்று அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டுச் சொன்னேன். மூடுபனி, இடிமேகம், கடைசியில் எதிர்காற்று. அந்தக் கேள்வியைச் சொல்லிவிட்டுப் பதிலைச் சொல்லவில்லை. அவர் உடனே பவரைக் குறைப்பேன் என்றார். நீங்களும் முதலில் அப்படித்தான் ஆரம்பித்தீர்களாம், அப்புறம் மாற்றிக்கொண்டீர்களாம் என்று மட்டும் சொன்னேன்.

அவர் இன்ஜின் படத்தை ஒரு பக்கமாகத் தள்ளினார். பிறகு கையை விமானமாக வைத்துக்கொண்டு மேஜைமேல் மெதுவாக இறக்கினார். நிக்கோலிடம் சொல்கிற மாதிரி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மழையோடு சேர்ந்து குளிர்ந்த காற்று மேகத்திலிருந்து கொட்டுகிறது, தரையில் மோதி நாலாபக்கமும் ஓடுகிறது. இந்தப் பக்கம் நுழையும்போது அது முகத்தில் அடிக்கும், வேகம் கூடும், நல்லதுதானே என்று தோன்றும். நடுவில் போனால் தலைமேல் அமுக்கும். அந்தப் பக்கம் போனால் முதுகில் தள்ளும், இருந்த வேகமும் போய்விடும். முதலிலேயே பவரைக் குறைத்தவன் கையில் அப்போது ஒன்றும் இருக்காது. இதைச் சொன்னபோது அவர் கை மேஜையில் இடித்து நின்றது. “ஜீசஸ்! இத்தன வருஷமா தப்பாவே வெச்சிருந்தேனே” என்றார். ஒரு மே மாதம் ஜக்கூரில் சின்ன விமானத்தில் தனியாக இறங்கும்போது இதே மாதிரி வேகம் கூடிற்றாம், அவரும் குறைத்தாராம், கடைசியில் ஓடுபாதைக்கு முன்னாலேயே புல்லில் போய்த் தொட்டாராம். காற்று ஏதோ விளையாடிவிட்டது என்று அப்போது சிரித்தாராம். அன்றைக்கு என்ன நடந்தது என்பது செவ்வாய்க்கிழமைதான் அவருக்குப் புரிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நிக்கோல் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

இனிமேல்தான் நான் உங்களிடம் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஏன் இதை அன்றைக்கே சொல்லவில்லை என்று அவர் கேட்பார் என்று நினைத்து பஸ்ஸிலேயே ஒரு பதில் தயார் செய்துகொண்டு போனேன். நீங்கள் திங்கட்கிழமை மறுபடியும் போன் செய்ததாகச் சொன்னேன். முதல் தடவை பதற்றத்தில் பாதியை விட்டுவிட்டதாக, அது உறுத்தி இத்தனை நாளாகத் தூக்கம் வராமல், கிளிஃபர்ட் கிளம்புவதற்குள் நீயே நேரில் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வா என்று நீங்கள் என்னை அனுப்பியதாகச் சொன்னேன். உங்களைக் காப்பாற்றச் சொன்னேனா, என்னைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னேனா, தெரியவில்லை. சொல்லும்போது, அப்படி ஒரு போன் வந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. அதுதான் என்னைக் கொன்றுவிட்டது. “அதானே பாத்தேன்! அவன் அப்படித்தான் உஷா. மறந்துட்டாலும் அவனால சும்மா இருக்க முடியாது” என்றார். நிக்கோலிடம் திரும்பி, “நான் சொல்லல?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்டர்வியூ கவலையில் அழுகிறேன் என்று நினைத்து நிக்கோல் என்னைக் கட்டிக்கொண்டு, அண்ணனுக்குக் கிடைக்காவிட்டாலும் உங்களுக்குக் கிடைக்கும் என்று ஆறுதல் சொன்னாள். வாசலில் ஆட்டோ பிடித்து என்னை ஏற்றிவிட்டு, ஆட்டோ திரும்பும்வரை அண்ணன் கையை ஆட்டிக்கொண்டே நின்றார்.

ஒரே இடம் என்பது உண்மையாக இருந்து, அந்த இடம் அவருக்குப் போய்விட்டால், அது என்னால் போனதுதான். அதற்காக நீங்கள் என்னோடு எவ்வளவு நாள் பேசாமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்கிறேன். பொம்மசந்திரா பஸ் எனக்குப் பழகிவிட்டது, இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் போய்வருவேன். நீங்கள் வேறு கம்பெனிக்கு எழுதிப் போடுங்கள், நான் மறுபடி அடுப்படி வாசலில் நின்று கேள்வி வாசிக்கிறேன். உங்களுக்கே கிடைத்துவிட்டால் காவடியை நானே எடுக்கிறேன். இரண்டில் எது நடந்தாலும் அவர் நம் வீட்டுப் படியேறி வரும்போது நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மணி ஆகிறது. அண்ணன் ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இதை வாங்கிக்கொள்ள வருவதாகச் சொல்லியிருக்கிறார். பம்பாயில் இறங்கி பாந்த்ராவில் தன் அத்தை வீட்டுக்குப் போவதற்கு முன்னால் முதல் வேலையாக உங்களிடம்தான் வருவாராம். உங்களுக்கு நேரில் நன்றி சொல்ல வேண்டுமாம்.

இப்போது சொல்லிக்கொண்டிருப்பார், இல்லாவிட்டால் நீங்கள் படித்து முடிக்கட்டும் என்று காத்திருப்பார். அவர் சொல்கிற ஹரிஷை நான் செவ்வாய்க்கிழமை இட்டுக்கட்டினேன். ஆனால் அவர் அந்த ஆளைப் பல வருஷமாகத் தெரியும் என்கிறார். நானும் அந்த ஆளைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வையுங்கள். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பாருங்கள். நான் போன் பண்ணவே இல்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். உட்காரச் சொல்லுங்கள். இன்டர்வியூவுக்கு நாளைக்குக் காலை வரைக்கும் நேரம் இருக்கிறது, அந்தக் கேள்வியை நீங்களே ஒருமுறை அவரிடம் கேளுங்கள்.

உங்கள்
உஷா